கர்த்தர் பெயர் இல்லாத சுருள்: எஸ்தர் மெகில்லா அச்சுப் பிரதி

எருசலேமின் பழைய நகரத்தில், யூதர் குடியிருப்பில் உள்ள ஒரு சின்னப் புத்தகக் கடையில் இந்த மெகில்லாவை, அதாவது எஸ்தரின் புத்தகம் எபிரெயத்தில் உள்ள சுருளை, வாங்கினேன். விலை எழுபது ஷெக்கல், இஸ்ரவேல் நாட்டுப் பணம். தோலில் கையால் எழுதிய மெகில்லா என்றால் பல ஆயிரம் ஷெக்கல் ஆகும், எனக்குக் கட்டுப்படியாகாது. இது அப்படியொரு சுருளைப் படமெடுத்துத் தாளில் அச்சிட்டது. நான் நடத்தும் வேதபாட வகுப்புக்கு எடுத்துப்போகத்தான் வாங்கினேன்.

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசல் சுருளில் தோல்களை நரம்பால் தைத்திருப்பார்கள். இதில் மூன்று தாள்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நாலாவது தடவை விரித்தபோதே இரண்டாவது ஒட்டு விட்டுவிட்டது. கூட வந்த விளக்கத்தாள் முழுக்க எபிரெயத்தில் இருக்கிறது. சுருளில் அதிகார எண், வசன எண் எதுவும் கிடையாது, உயிர்க்குறிகளும் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்காவது எபிரெயம் தெரியாவிட்டால் சிரமம்தான். நான் தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பெயர்களை வைத்து இடம் கண்டுபிடிக்கிறேன்.

அப்படித் தேடும்போதுதான் ஒன்று உறைத்தது. எஸ்தரின் புத்தகத்தில் கர்த்தரின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை என்று எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சுருளை முழு நீளத்துக்குத் தரையில் விரித்து, எபிரெயத்தில் அந்தப் பெயரை எழுதும் நான்கு எழுத்துக்காக விரலை ஓட்டிக்கொண்டே போய், கடைசி வரை வந்தும் கிடைக்காதபோது மனசு என்னவோ செய்தது. ஆமான் என்ற மந்திரியின் சூழ்ச்சியால் யூத ஜனத்தையே ஒரே நாளில் அழிக்கக் கட்டளை போகிறது, இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளுக்கும். அவர் பெயர் மட்டும் இல்லை.

அப்புறம் ஐந்தாம் அதிகாரம். ராஜாவும் ஆமானும் இன்று விருந்துக்கு வரட்டும் என்று யூதப் பெண்ணான ராணி எஸ்தர் கேட்கும் இடம். ‘யாவோ ஹமெலெக் வெஹாமான் ஹயோம்’. நாலு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் யோத், ஹே, வாவ், ஹே. நான் தேடிய அதே பெயர்! தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு, அவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. ஆனால் யூதர்கள் இதை ரொம்பக் காலமாகக் காட்டிவருகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. இந்தப் பிரதியில் பெரும்பாலான நெடுவரிசைப் பத்திகள் ‘ஹமெலெக்’, அதாவது ராஜா, என்ற சொல்லில் தொடங்குகின்றன. கதையில் வரும் பெர்சிய ராஜா அகாஸ்வேருவைச் சொல்லும்போதே மேலே இருக்கிற ராஜாவையும் நினைக்க வேண்டும் என்பதற்காக இப்படி எழுதுகிறார்களாம்.

ஆமானின் பத்துக் குமாரர் பெயர் வரும் பத்தியைப் பாருங்கள். சுவர் மாதிரி இருக்கிறது. வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் வெற்றிடம். கடைசிப் பெயரான வாய்சாதாவில் ‘வாவ்’ எழுத்து மட்டும் நீண்டு நிற்கிறது. யூதர்கள் அந்த அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரீம் பண்டிகை அன்று ஜெப ஆலயத்தில் இந்தப் பத்துப் பெயரையும் ஒரே மூச்சில் வாசிப்பார்கள். நானும் முயன்றேன், ஏழாவது பெயரில் மூச்சு நின்றது.

புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி இதில் தாவிப்போக முடியாது. ராஜாவுக்குத் தூக்கம் வராத அந்த ராத்திரிக்குப் போக வேண்டுமென்றால், அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் உருட்டித்தான் ஆக வேண்டும். யூதர்களை அழிக்க நாள் குறிப்பதற்காக, யூத நாள்காட்டியின் முதல் மாதமான நிசானில் சீட்டுப் போடுகிறார்கள், அது பன்னிரண்டாம் மாதமான ஆதாரில் போய் விழுகிறது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவகாசம். ‘சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்’ என்பது நீதிமொழி. அப்புறம், எஸ்தரை வளர்த்த மொர்தெகாயைத் தூக்கிலிட ஆமான் செய்வித்த ஐம்பது முழத் தூக்குமரம். அதற்கு அடுத்த வரியிலேயே ராஜா தூக்கம் இல்லாமல் நடபடி புஸ்தகத்தைக் கொண்டுவரச் சொல்கிறான், மொர்தெகாய் முன்பு ராஜாவுக்குச் செய்த உதவி வாசிக்கப்படுகிறது. தூக்குமரத்துக்கும் அந்தத் தூக்கமின்மைக்கும் நடுவே இந்தத் தாளில் இரண்டு விரல்கடைகூட இடைவெளி இல்லை. வகுப்பில் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சுவரில் மாட்ட வாங்குவதானால் வேண்டாம், ஓரம் சுருண்டுகொள்கிறது. உட்கார்ந்து வாசிக்க, பிள்ளைகளுக்குக் காட்ட என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கியதும் ஒட்டுகளின் பின்புறம் துணி நாடா ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டிய பிறகு ஒன்றும் பிரியவில்லை.