தணலா, ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா: மாரி இரவுக்கு ஒரு கோழி மக்கறோனி

கார்த்திகை பிறந்து வன்னியில் மழை பிடித்துவிட்டால் இரவு ஏழு மணிக்கே வீடு அடங்கிவிடும். களை பிடுங்கப் போனவர்கள் நனைந்து திரும்புவார்கள். பிள்ளைகள் வகுப்பு முடிந்து, சைக்கிள் சில்லில் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து சேர்வார்கள். அந்த நேரத்தில் கோப்பையில் ஆவி பறக்க, கரண்டியால் அள்ளிச் சாப்பிட ஏதாவது வேண்டும். புட்டும் சோறும் தம் இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மழை இரவில் கேட்பது கோழி மக்கறோனி.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் எங்கள் வீடு. லண்டனில் இருக்கும் அக்கா போன வருடம் ஒரு ஸ்லோ குக்கர், குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சட்டி, கொடுத்துவிட்டார். மூன்றரை லீற்றர் கொள்ளும். உள்ளே கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகி. அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தணலில் வேகாத எது இதில் வேகப்போகிறது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடி ஒரு மாரி முழுவதும் ஒரே சமையலை அம்மாவின் மண்சட்டியிலும், எரிவாயு அடுப்பில் பிரஷர் குக்கரிலும், இந்த மின்சட்டியிலும் மாறி மாறிச் செய்தோம்.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். எலும்போடு வெட்டிய கோழி 1 கிலோ, மக்கறோனி 400 கிராம், சின்ன வெங்காயம் 15, உள்ளி 12 பல், தக்காளி 2, விரலளவு இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துண்டு இறம்பை இலை, ஒரு கோப்பை கட்டித் தேங்காய்ப் பால். சீஸும் கிறீமும் போட்ட மேற்கத்தைய முறையையும் ஒருமுறை செய்து பார்த்தோம். சுவையாகத்தான் இருந்தது. ஆனாலும் மழை இரவில் உடம்பு கேட்பது அதுவல்ல. எங்களுக்கு ஆறுதலான மணம் என்றால் பிள்ளை பெற்ற வீட்டில் எழும் சரக்குக் கறியின் மணம்தான்: மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்த தூள். மிளகாய்த்தூளை விட்டுவிட்டு, இந்தச் சரக்குத் தூளில் 2 மேசைக்கரண்டி போட்டால் மக்கறோனி எங்கள் வீட்டுச் சாப்பாடாகிவிடுகிறது.

பாத்திரத்துக்கு முன் கோழி

எந்தப் பாத்திரம் என்று யோசிப்பதற்கு முன் எந்தக் கோழி என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் புரொய்லர் ஐந்தாறு வாரக் குஞ்சு. அதன் தசை மெல்லியது, இணைப்புத் திசு குறைவு. அரை மணி நேரக் கொதிப்பே அதற்குப் போதும். அதை எட்டு மணி நேரம் வேகவிட்டால் நார் நாராகப் பிரிந்து, வாயில் பஞ்சுபோல் உலர்ந்து கிடக்கும். நெஞ்சுப் பகுதி இன்னும் மோசம். முற்றத்தில் கிளறித் திரிந்த ஊர்க்கோழி வேறு சாதி. ஒரு வருடம் ஓடிய காலில் கொலாஜன் நிறைய இருக்கும். அது 70 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் மெல்லக் கரைந்து ஜெலற்றின் ஆகும். குழம்பு உதட்டில் ஒட்டும் பதம் வருவது அதனால்தான். மக்கறோனியின் ஓட்டைக்குள் ஏறி நிற்பதும் அந்தக் குழம்புதான்.

ஆகவே இந்த மூன்று பாத்திரங்களின் போட்டி உண்மையில் ஊர்க்கோழிக்கானது. கையில் இருப்பது புரொய்லர் என்றால் ஸ்லோ குக்கரை வெளியே எடுக்க வேண்டாம். தாச்சியில் வதக்கி, மூடி, 35 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மெதுவேக முறையில்தான் செய்வேன் என்றால் தொடை, கால் துண்டுகளை மட்டும் எடுத்துக் குறைந்த சூட்டில் நான்கு, ஐந்து மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும்.

மண்சட்டியும் தணலும்

அம்மாவின் முறையில் எழுதிவைத்த நேரம் எதுவும் இல்லை. மண்சட்டியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி வதங்கி, சரக்குத் தூள் எண்ணெயில் ஒருமுறை பொரிந்ததும் கோழியைப் போட்டுப் பிரட்டுவார். தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி ஒரு கொதி வந்தவுடன் எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டு, பாலை மர விறகின் தணலை மட்டும் அடியில் விடுவார். மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் ஒரு கை. அடியிலிருந்தும் மேலிருந்தும் சூடு இறங்க, சட்டி பொருமிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரத்தில் எலும்பிலிருந்து இறைச்சி கழன்றுவிடும்.

சுவையில் இதற்கு நிகர் இல்லை. புகையின் மணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மண்சட்டியிலும் மூடி விளிம்பிலும் ஆவி கசிந்து போவதால் குழம்பு தானாகவே சுண்டுகிறது. அதனால் உப்பும் புளிப்பும் உறைப்பும் இறுகி ஒன்றாகின்றன. மூடிய மின்சட்டியில் இது நடப்பதில்லை.

ஆனால் அந்த மூன்று மணி நேரமும் அம்மா அடுப்படியில் இருக்க வேண்டும். தணல் சாம்பல் பூத்தால் ஊத வேண்டும், புதுத் தணல் தள்ள வேண்டும். அவருக்கு இப்போது புகை பட்டாலே கண்ணில் நீர் வடிகிறது, இரவில் இருமல் விடுவதில்லை. இன்னொன்று: இந்தச் சாப்பாட்டை மனம் தேடுகிற மாரியில்தான் விறகும் நனைந்து கிடக்கும். ஈர விறகில் தணல் வராது, புகைதான் வரும். பரணில் உலர்த்தி வைத்த கட்டைகள் மார்கழி நடுவிலேயே முடிந்துவிடுகின்றன. தணலின் சுவையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அதற்குப் பக்கத்தில் யார் குந்தியிருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

ஸ்லோ குக்கர்

இந்தச் சட்டியின் பிறப்புக் கதையை அறிந்தபோது அம்மாவின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. அமெரிக்காவில் ஏர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தைய மாலை, இறைச்சியும் அவரை விதையும் போட்ட சட்டியைப் பேக்கரியின் ஆறிக்கொண்டிருக்கும் போறணையில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்களாம். தாய் சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு யோசனை தந்தது. 1971இல் 'குறொக்-பொட்' என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்தது. அதாவது இது தணலைப் பார்த்துச் செய்த சட்டி. இதை அம்மாவுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் அதன் மூடியைத் திறந்து பார்த்தார்.

எங்கள் முதல் முயற்சி பிழையாகிப்போனது. கோழி, தூள், இரண்டு கோப்பை தண்ணீர், மக்கறோனி எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டு மூடிவிட்டேன். மாலையில் மக்கறோனி கரைந்து களியாகிவிட்டிருந்தது, பச்சைத் தூளின் மணம் போகவில்லை, குழம்பு சப்பென்று இருந்தது. அந்த ஒரு நாளில் மூன்று பாடம்.

முதலாவது, இந்தச் சட்டி எதையும் வதக்காது. உள்ளே சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. வெங்காயமும் இறைச்சியும் பொன்னிறமாக அதைவிட அதிகச் சூடு வேண்டும். எனவே தாச்சியில் பதினைந்து நிமிடம் வதக்கும் வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது. தூள் வதங்கிய கூட்டை முதல் நாள் இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். கோழியை மட்டும் அரைகுறையாக வேகவைத்து எடுத்து வைக்கக் கூடாது. கிருமி பெருக அது வசதியாகிவிடும்.

இரண்டாவது, தண்ணீர். மூடியில் படியும் ஆவி திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டுகிறது. கோழியும் தன் நீரை விடுகிறது. ஒரு கிலோ கோழிக்கு அரைக் கோப்பை நீர் போதும். அப்படியும் நீர்த்திருந்தால் கடைசி அரை மணி நேரம் அதிகச் சூட்டில் மூடியைத் திறந்து வைக்கலாம். இடையில் மட்டும் திறக்கவே கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க 20, 30 நிமிடம் ஆகிறது.

மூன்றாவது மக்கறோனி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இவற்றைத் திருத்திய பிறகு வந்த ஊர்க்கோழி அம்மாவையே பேசவைத்தது. நான் விடியற்காலை வதக்கி வைத்துவிட்டு வேலைக்காகக் கிளிநொச்சி பஸ் ஏறுகிறேன். அம்மா ஒன்பது மணிக்குக் கோழியைப் பிரட்டிச் சட்டியில் போட்டு, திருகியைக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு வயலுக்குப் போகிறார். மாலை ஐந்து மணிக்குக் கால் எலும்பைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு மட்டும் கையோடு வருகிறது. சுவையில் தணலுக்கு ஒரு படி கீழே, உண்மைதான். ஆனால் அந்த எட்டு மணி நேரமும் அம்மாவுடையதாக இருக்கிறது. வேலை நாட்களுக்கு இதைத்தான் தெரிவு செய்கிறேன், தயக்கமில்லாமல்.

மின்செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் சட்டியின் அடியில் 210 வாட் என்று இருக்கிறது. எட்டு மணி நேரம் முழுதாக எரிந்தாலும் 1.7 அலகுக்குள் அடங்கும். 2,000 வாட் மின்னடுப்பு ஒரு மணி நேரத்திலேயே 2 அலகு எடுத்துவிடும்.

பயப்பட வேண்டியது மின்வெட்டுக்கு. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் அடுப்புத்தான். இப்போது நிலைமை அப்படி இல்லை. இருந்தாலும் மழைக்காற்றில் மரம் விழுந்தால் கம்பி அறும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிடக்கும் இறைச்சியில் கிருமி வேகமாகப் பெருகும். வேகும் நடுவில், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நீண்ட நேரம் மின்சாரம் போயிருந்தது தெரிந்தால் அந்தச் சட்டியைக் கொட்டிவிடுங்கள், மனம் எவ்வளவு நொந்தாலும். ஆள் இருந்தால் உடனே எரிவாயு அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவைக்கலாம், வேறு பாத்திரத்தில். பீங்கான் சட்டியை நெருப்பில் வைத்தால் வெடிக்கும். உறைந்த கோழியை அப்படியே போடுவதும் தவறு. அது சூடேறுவதற்குள் நேரம் கடந்துவிடும்.

கனடாவில் உறவினர் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்கிருந்து வரும் சட்டியை நேரே செருகினால் அதற்குரியதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான வலு பாய்ந்து எரிந்துபோகும். லண்டன் சட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிரஷர் குக்கர்

வேகத்தில் இதை எதுவும் வெல்லாது. அழுத்தத்தால் உள்ளே கொதிநிலை 120 பாகை அளவுக்கு ஏறுவதால் ஊர்க்கோழியும் 25 நிமிடத்தில் வெந்துவிடுகிறது. எரிவாயுவும் மிச்சம். திடீரென விருந்தினர் வந்தால் நானும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இறைச்சி மென்மையாகும்போதே தூளை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை; துண்டைப் பிய்த்தால் நடுவில் வெள்ளையாக, சுவையற்று இருக்கிறது. குழம்பு வேறு, கோழி வேறு என்று நிற்கிறது. குக்கரைத் திறந்த பிறகு அகலச் சட்டியில் ஊற்றி இன்னொரு கால் மணி நேரம் சுண்டவைத்தால் குறை பாதி தீர்கிறது.

ரைஸ் குக்கரிலும் செய்யலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வேறு வழியும் இருக்காது. புரொய்லருக்கு மட்டும் அது சரி. நீர் வற்றியதும் அடியில் பிடிக்கும், அதனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மக்கறோனியை எங்கே வேகவைப்பது?

எந்தப் பாத்திரமாக இருந்தாலும் என் முடிவு ஒன்றுதான்: தனியாக. மக்கறோனிக்குக் கொதிக்கும் நீர் வேண்டும். பொங்கிக் கொதிக்கும் உப்பு நீரில் வெளிப்புறம் சட்டென்று இறுகி, நடு மெல்ல வேகும். கொதிநிலைக்குக் கீழே மெல்லச் சூடாகும் குழம்பில் கிடந்தால் மாச்சத்து கசிந்து வழவழப்பாகிவிடும். பக்கற்றில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்து, ஒரு கோப்பை வடிநீரை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோழிக்குழம்பில் சேர்த்தால் மீதி இரண்டு நிமிட வேக்காட்டைக் குழம்பிலேயே முடித்துக்கொள்ளும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் சுவை உள்ளே ஏறுகிறது.

கட்டித் தேங்காய்ப் பாலும் அப்போதுதான். காலையிலேயே ஊற்றினால் நீண்ட சூட்டில் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். தேங்காய்ப் பாலுக்குப் பதிலாக முல்லைத்தீவு எருமைத் தயிர் இரண்டு கரண்டி கலந்தும் செய்திருக்கிறோம். அடுப்பை நிறுத்திய பிறகு கலக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் திரியும். எனக்குத் தயிர்தான் பிடித்தது. பிள்ளைகள் தேங்காய்ப் பால் பக்கம்.

மிஞ்சினால் குழம்பையும் மக்கறோனியையும் கலக்காமல் தனித்தனியே எடுத்து வையுங்கள். கலந்து வைத்தது இரவோடு இரவாகக் குழம்பு முழுவதையும் குடித்து ஊதிவிடும். தனியே வைத்த ஊர்க்கோழிக் குழம்பு காலையில் குளிர்சாதனப் பெட்டிக்குள் கட்டியாக உறைந்து, கரண்டி பட்டால் அசையும். அம்மா அதைச் சூடாக்கிப் புட்டுக்கு ஊற்றிக்கொள்கிறார்.