ஐசியூ நர்ஸா, வார்டு நர்ஸா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு வேலைக்குச் சேரும்போது வரும் குழப்பம் இது.

பொது வார்டில் ஒரு சிஸ்டருக்குப் பல படுக்கைகள். நாடி, பிபி, காய்ச்சல் எல்லாம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்புறம் ஊசி, டிரெஸ்ஸிங், வீட்டுக்குப் போகிறவருக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது, உறவினர்களின் ஓயாத கேள்விகள்.

ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நர்ஸ் என்பது முறை. ஆள் பற்றாக்குறையில் அது எப்போதும் நடக்காது என்பது வேறு விஷயம். தொப்பூர் கணவாயில் அடிபட்டு, தலைக்காயத்தோடு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். அவருடைய நினைவுநிலையை 3 முதல் 15 வரையுள்ள கிளாஸ்கோ அளவில் அடிக்கடி குறிக்க வேண்டும். 2 புள்ளி இறங்கினாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தலைமாட்டை 30 டிகிரியாவது உயர்த்தி வைப்பது, சளி சேர்ந்தால் உறிஞ்சி எடுப்பது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் ஐசியூ நர்ஸின் பொறுப்பு. சிறுநீரை மணிக்கு மணி அளக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் ஏதோ சரியில்லை. மருந்தை மாற்றி எழுதுவது டாக்டர்தான், ஆனால் மாற்றம் முதலில் கண்ணில் படுவது நர்ஸுக்குத்தான்.

என்னைக் கேட்டால், முதலில் ஒரு வருடம் வார்டு. நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகாமல் நேரே ஐசியூ போனால் மானிட்டரை மட்டுமே நம்பத் தோன்றும். நைட் டியூட்டி இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.