குடல்வால் எடுத்திருந்தால் பயொப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

திருகோணமலையில் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் எல்லாரும் இதை வாசியுங்கள். என் தங்கச்சிக்கு மாதவிடாய் நாட்களில் வலது அடிவயிற்றில் குத்து வரும், வாந்தியும் வரும், நிமிர்ந்து நடக்கவே மாட்டாள். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிக் காட்டினோம். போகும்போதெல்லாம் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பிறகு "ஒன்றுமில்லை, காஸ்ட்ரைட்டிஸ்" என்று குளிசை. வலி எந்த நாட்களில் வருகிறது என்று டொக்டர் கேட்டதே இல்லை. அம்மாவே அதைச் சொன்னபோது, "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒருநாள் இரவு வலி தாங்க முடியாமல் போக, அப்பெண்டிக்ஸ் என்று அங்கேயே ஆபரேஷன் செய்து குடல்வாலை எடுத்தார்கள். இனி வலி வராது என்றார்கள். அடுத்த மாதவிடாயோடு திரும்ப வந்தது, திரும்பவும் அதே குளிசை.

பிறகு கண்டியில் ஒரு பெண்நோயியல் நிபுணரிடம் போனோம். எடுத்த குடல்வாலின் பயொப்சி ரிப்போர்ட், அதாவது வெட்டியெடுத்ததை ஆய்வுகூடத்தில் பார்த்து எழுதும் அறிக்கை, எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்டார். சண்டை பிடித்து வாங்கினோம். எண்டோமெற்றியோசிஸ் என்று தெளிவாக எழுதியிருந்தது.

கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய் அது. சூலகத்தில்தான் அதிகம், அரிதாகக் குடல்வாலிலும் வரும், வந்தால் அப்பெண்டிக்ஸ் வலி போலவே இருக்கும், ஸ்கேனில் பெரும்பாலும் பிடிபடாது, எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் உறுதியாகும். குடல்வாலை எடுத்தாலும் மற்ற இடங்களில் இருப்பது அப்படியேதான் இருக்கும். இப்போது அவளுக்கு ஹோர்மோன் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் கண்டுபிடித்த விடையே கோப்புக்குள் கிடக்க, காஸ்ட்ரைட்டிஸ் குளிசையையே எழுதிக் காசு வாங்கினார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வலி வரும் திகதிகளை எழுதி வைத்து டொக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேன் நோர்மல் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அதற்காகத் திடீரென்று கடும் வலியும் காய்ச்சலும் வந்தால் மாதவிடாய் வலிதானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அப்பெண்டிக்ஸ் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டை ஏன் தரவில்லை என்று அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் விளக்கம் கேட்டபோது, "நீங்கள் வந்து எடுக்கவில்லையே" என்றார்கள். ரிப்போர்ட் வரும் என்று, வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில்கூட ஒரு வரி இல்லை. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.