ஸ்கிரீன்ஷாட்டுக்கு 'எச்டி கன்வெர்ஷன்' என்று காசு கேட்கும் கடையா? உஷார்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட், மென்பொருள் கையேடு என்று ஸ்கிரீன்ஷாட் நிறைய உள்ள எதையாவது டிடிபி கடையில் கொடுக்கப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கடையின் பெயர் வேண்டாம். செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

ஜவுளிக்கடைகளுக்கான எங்கள் பில்லிங் மென்பொருளுக்குத் தமிழில் கையேடு போட்டோம். படங்கள் எல்லாம் 1920க்கு 1080 அளவில், பிஎன்ஜி கோப்புகளாகப் பென்டிரைவில் கொடுத்தேன். ஏ4 தாளில் இரு பக்கமும் ஒரு இன்ச் விளிம்பு போனால், படத்துக்கு ஆறேகால் இன்ச் அகலம் கிடைக்கும். கணக்குப் போட்டால் ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சலுக்கு மேல் வருகிறது. அச்சுக்குத் தாராளம்.

கொஞ்ச நாளில் கடைக்காரரிடமிருந்து போன். "சார், உங்க படமெல்லாம் லோ ரெசல்யூஷன். எச்டி கன்வெர்ஷன் பண்ணணும், படத்துக்குப் பதினஞ்சு ரூபா." மேலே சொன்ன கணக்கைச் சொன்னேன். "பண்ணலேன்னா மங்கலாத்தான் வரும், அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது" என்றார். டெலிவரி தேதி நெருங்கியதால் அலுவலகத்தில் காசைக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

அச்சாகி வந்த புத்தகத்தில் 'பில் எண்' என்ற இடத்தில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளைக் காணோம். 'பில எண' என்று நிற்கிறது. சிவப்பு நிற எச்சரிக்கை வரிகள் ரோஸ் கலர் தீற்றலாகிவிட்டன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது எச்எஸ்என் குறியீடுதான் (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்). பருத்தித் துணிக்கான 5208, ஒரு பக்கத்தில் 5206 ஆகியிருந்தது. அது நூலுக்கான குறியீடு! 'எச்டி கன்வெர்ஷன்' என்பது ஏஐ கருவியில் படத்தைப் பெரிதாக்குவதுதான். மங்கல் படத்தைப் பெரிதாக்கும் இந்தக் கருவிகள் எழுத்தைப் படிப்பதில்லை, தோராயமாக வரைந்துவிடும்.

கேட்டால், "கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல எடுத்தது பிரிண்ட்ல அப்படித்தான் சார் வரும்." சரி, வேலை செய்த ஃபோல்டரையாவது கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். குட்டு அதில் உடைந்தது. என் படங்கள் எல்லாம் 'வாட்ஸ்அப் இமேஜ்' என்ற பெயரில், ஜேபெக் கோப்புகளாகக் கிடந்தன. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆபரேட்டருக்குப் போட்டோவாக அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போனால் படம் சுருங்கித்தான் போகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஜேபெக் முறை கேமரா படத்துக்கு ஏற்றது. கூர்மையான விளிம்புள்ள சின்ன எழுத்தை, அதிலும் நிற எழுத்தை, அது கலங்கடித்துவிடும்.

அடுத்து வேர்டு கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்தேன். உள்ளே 'வேர்டு', அதற்குள் 'மீடியா' என்ற ஃபோல்டரில் ஆவணத்தின் படங்கள் எல்லாம் இருக்கும். அவற்றின் அகலம் சுமார் 1380 பிக்சல்தான். வேர்டு சேமிக்கும்போது வழக்கமாகப் படத்தை இன்ச்சுக்கு 220 பிக்சல் என்று குறைத்துவிடும். ஆக, பெரிதாக்குகிறேன் என்று காசு வாங்கிய படத்தை வேர்டு திரும்பச் சிறிதாக்கியிருக்கிறது. இதற்குத்தான் பதினைந்து ரூபாய்!

இதைத் தடுக்க, வேர்டின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதை டிக் செய்ய வேண்டும். இது அந்தந்தக் கோப்புக்குத்தான் என்பதால், படங்களை ஒட்டும் முன்பே, ஒவ்வொரு கோப்பிலும் செய்யச் சொல்லுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது 'மினிமம் சைஸ்' வேண்டாம், 'ஸ்டாண்டர்டு' போதும். வந்த பிடிஎஃபை 400 சதவீதம் பெரிதாக்கி, சின்ன எழுத்துகளில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தப் பிரதியும் ஓட்டும் முன், எழுத்து நெருக்கமான ஒரு பக்கத்தை அதே தாளில் அச்சடித்துக் கேளுங்கள். தயங்கினால் பென்டிரைவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கன்வெர்ஷன் காசு இன்னும் திரும்ப வரவில்லை. "அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம் சார்" என்கிறார். அதே பிஎன்ஜி படங்களை வைத்து வேறு கடையில் மறுபடி அச்சடித்துவிட்டோம். 5208 இப்போது 5208 ஆகவே இருக்கிறது.