எலுமிச்சை, ஆல்கலைன் வாட்டர், சோடா உப்பு, கீரை: உடம்பின் அமிலத்துக்கு எது சரி?

காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்த வெந்நீர். சமையலறைச் சுவரில் மாட்டிய ஆல்கலைன் வாட்டர் இயந்திரம். சாப்பிட்டதும் தண்ணீரில் கரைத்த சோடா உப்பு. தட்டில் ஒரு கரண்டி கீரை கூடுதல். "உடம்பில் அமிலம் கூடிவிட்டது" என்ற ஒரே புகாருக்கு நம் வீடுகளில் இந்த நான்கு வைத்தியங்களும் புழங்குகின்றன. நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொன்றைப் பிடித்து வாதாடுகிறோம். ஆனால் செலவிலும் பலனிலும் ஆபத்திலும் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

முதலில் புகாரையே இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பி.எச். என்பது அமிலத்தையும் காரத்தையும் (மிளகாய்க் காரம் அல்ல, ஆல்கலி) அளக்கும் எண்: ஏழு நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை. நேற்று பிரியாணி சாப்பிட்டதாலோ இன்று கீரை சாப்பிட்டதாலோ அது இடம்பெயராது. நுரையீரல் நாளொன்றுக்குச் சுமார் 15,000 மில்லிமோல் கரியமில வாயுவை ஊதித் தள்ளிவிடுகிறது. கலப்பு உணவு உண்பவருக்கு அதற்குமேல் மிஞ்சும் அமிலம் 50 முதல் 100 அலகு (மில்லி ஈக்விவலென்ட்) வரை இருக்கும். அதைச் சிறுநீரகம் கழித்துவிடுகிறது. இரத்தம் நிஜமாகவே அமிலமாகியிருந்தால், அது கட்டுமீறிய சர்க்கரை நோயோ சிறுநீரகச் செயலிழப்போ ஆக இருக்கலாம். அந்த நோயாளி போக வேண்டிய இடம் மருத்துவமனை, இயற்கை அங்காடி அல்ல. இரைப்பையோ அமிலமாக இருக்கத்தான் வேண்டும், அங்கே பி.எச். 1.5 முதல் 3.5 வரை. அந்த அமிலம் மேலேறி உணவுக்குழாயைத் தொடும்போதுதான் நெஞ்சு எரிகிறது. ஆக, நெஞ்செரிச்சல் ஒரு கேள்வி. சிறுநீரகத்தின் மேல் விழும் அமிலச் சுமை வேறொரு கேள்வி. நம் ஊரில் இரண்டுக்கும் 'அசிடிட்டி' என்றே பெயர் வைத்துவிட்டோம். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

எந்த உணவு எந்தப் பக்கம் என்பதை நாக்கு சொல்லாது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் சந்தையிலிருந்து வந்த முயல்களின் சிறுநீர் அமிலமாக இருப்பதைக் கண்டு வியந்தார். தழை தின்னும் பிராணிக்கு அது கலங்கலாகவும் காரத்தன்மையோடும் அல்லவா இருக்க வேண்டும்? பட்டினி கிடந்து தன் உடம்பையே தின்றுகொண்டிருக்கின்றன என்று ஊகித்தார். புல்லைக் கொடுத்தார், சிறுநீர் மாறியது. வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்தார், மீண்டும் அமிலம். இன்றைய பட்டியல்களுக்கெல்லாம் மூதாதை அந்த முயல்கள்தான். 1912இல் ஷெர்மன், கெட்லர் என்ற அமெரிக்கர்கள் உணவிலுள்ள தாதுக்களைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1995இல் ஜெர்மனியின் தாமஸ் ரேமர், ஃபிரீட்ரிக் மான்ஸ் இருவரும் 100 கிராம் உணவு சிறுநீரகத்துக்கு எத்தனை அலகு அமிலம் அனுப்பும் என்று ஒரு சூத்திரம் வகுத்தார்கள். சுருக்கமாக அதை 'ப்ரால்' என்பார்கள். புரதமும் பாஸ்பரஸும் கூட்டல். பொட்டாசியமும் மக்னீசியமும் கால்சியமும் கழித்தல். அவ்வளவுதான் சூத்திரம்.

அந்தப் பட்டியலைப் படித்தால் நாக்கு தோற்றுப்போகும். புளிக்கிற எலுமிச்சைச் சாறு மைனஸ் 2.5, அதாவது காரப் பக்கம். எந்தச் சுவையும் இல்லாத வெள்ளை அரிசி பிளஸ் 4.6, தவிட்டோடு இருக்கும் பழுப்பரிசி அதையும் தாண்டி 12.5. முட்டையின் மஞ்சள் கரு 23.4. தயிர் 1.5, பால் 0.7, இரண்டும் கிட்டத்தட்ட நடுவில். வாழைப்பழம் மைனஸ் 5.5, பாலக் கீரை மைனஸ் 14, உலர்திராட்சை மைனஸ் 21. பொட்டாசியம் மண்டிக் கிடக்கும் புளியும் இந்தச் சூத்திரத்தின்படி காரப் பக்கம்தான். பழுப்பரிசியின் எண்ணைப் பார்த்துவிட்டு வெள்ளை அரிசிக்குத் திரும்ப வேண்டாம். நார்ச்சத்து எதுவும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

எலுமிச்சை. ஒரு பழத்தில் முப்பது, நாற்பது மில்லி சாறு கிடைத்தால் அது மைனஸ் 1 அலகு. நூறு கிராம் அரிசியில் கால் பங்கைக்கூட ஈடுகட்டாது. சிறுநீரில் கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் குறைவால் சிறுநீரகக் கல் வருபவர்களுக்கு எலுமிச்சை உதவலாம். மற்றபடி 'உடம்பைக் காரமாக்கும்' என்பது பெயரளவுக்குத்தான் உண்மை. உடம்புக்குள் போய் எரிந்த பிறகுதான் அது காரம். வாயில் இருக்கும்வரை சுத்தமான அமிலம். பி.எச். 5.5க்குக் கீழே போனாலே பல் எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டி நிற்கிறது. தினமும் குடித்தே தீருவேன் என்பவர் நன்றாக நீர்க்க வைத்து, மடமடவென்று குடித்து, வாயைக் கொப்பளிப்பது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர் வெறும் வயிற்றில் இதைக் குடிப்பது வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வதுதான்.

ஆல்கலைன் வாட்டர். நான்கில் அதிகப் பணம் கேட்பது இதுதான். மின்பகுப்பு இயந்திரங்கள் லட்சங்களில் விற்கின்றன; ஆர்.ஓ. கருவியோடு ஒரு கூடுதல் வடிகட்டியாக வருவது அதைவிட மலிவு. விற்க வருபவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்து, சொட்டு மருந்து விடுவார். உங்கள் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகும், அவருடையது நீலமாகும். பார்க்கிறவர்களுக்கு உடனே தம் தண்ணீர் மேல் ஒரு சந்தேகம் வந்துவிடும். இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதுவும் இதே வேதியியல்தான். நிறம் சொல்வது பி.எச். எந்தப் பக்கம் என்பதை மட்டும். எவ்வளவு அமிலத்தை அது முறிக்கும் என்பதை நிறம் சொல்லாது.

அந்த 'எவ்வளவு' என்பதைக் கணக்கிடப் பள்ளி வேதியியல் போதும். பி.எச். 9.5 உள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் எதுவும் கலக்காத ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் காரம் சுமார் 0.03 அலகு. பி.எச். 1.5 உள்ள இரைப்பை நீரின் ஒரு மில்லியில் இருக்கும் அமிலமும் சுமார் 0.03 அலகு. அதாவது ஒரு லிட்டர் தண்ணீரை முழுதாகக் குடித்தால் முறிவது ஒரு மில்லி இரைப்பை நீர். இரைப்பையோ நாளொன்றுக்கு லிட்டர் கணக்கில் சுரக்கிறது. சிறுநீரகக் கல்லுக்காவது பயன்படுமா என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். கடையில் விற்கும் ஆல்கலைன் நீரில் சிறுநீரின் பி.எச். அளவை உயர்த்தும் அளவுக்குக் காரம் இல்லை என்பதே முடிவு. இன்னொன்றையும் விற்பனையாளர் சொல்ல மாட்டார்: குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கச் சொல்கிறது. ஒன்பதரை என்று பெருமையோடு விற்பது அந்த வரம்புக்கு மேலே நிற்கிறது.

இந்தத் தண்ணீர்க் கட்சிக்கு ஆதரவாக ஒரே ஒரு நல்ல ஆய்வைக் காட்டுவார்கள். 2017இல் அமெரிக்காவில், தொண்டை வரை ஏறும் எதுக்களிப்புக்கு ஆல்கலைன் நீரும் பெரும்பாலும் தாவர உணவும் சேர்ந்த முறையை அமில மாத்திரையோடு ஒப்பிட்டார்கள்; உணவு முறை மாத்திரைக்குச் சளைக்கவில்லை. ஆனால் நீரையும் உணவையும் சேர்த்தே கொடுத்தார்கள். எரிச்சலூட்டும் உணவை நிறுத்தி, காயும் பருப்பும் உண்டவருக்குத் தொண்டை சரியானால் பெயர் தண்ணீருக்கா? இருபது ரூபாய்க் கீரைக்குப் போக வேண்டிய பாராட்டை லட்ச ரூபாய் இயந்திரம் வாங்கிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

சோடா உப்பு தண்ணீருக்கு நேர் எதிர். இதன் வீரியம் நிஜம். ஒரு கிராம் 12 அலகு அமிலத்தை முறிக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம், 60 அலகு. ஒரு நாள் உணவின் அமிலம் முழுவதற்கும் கிட்டத்தட்ட அதுவே போதும். ஏப்பம் வந்ததும் நெஞ்சு லேசாகும். ஆனால் அந்த ஒரு தேக்கரண்டியில் சோடியம் மட்டும் 1,350 மில்லிகிராமுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் விதிக்கும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். ஊறுகாயும் அப்பளமும் சாம்பாரும் அதை ஏற்கெனவே தின்றுவிடும் வீடு நம்முடையது. இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் இதை அன்றாடப் பழக்கமாக்கக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பாக்கெட் உப்புகளிலும் இருப்பது இதே சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான். என்றோ ஒருநாள் விருந்துக்குப் பிறகு என்றால் சரி. வாரத்தில் பல நாள் தேவைப்படுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நெஞ்செரிச்சல் அது.

கடைசியாகத் தட்டு. நம்முடைய ஒரு மதியச் சாப்பாட்டைப் ப்ரால் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். சமைக்காத அளவில் 150 கிராம் அரிசி, பிளஸ் 7. பருப்பு 30 கிராம், பிளஸ் 1. தயிர் 100 கிராம், பிளஸ் 1.5. மொத்தம் ஒன்பதரை. இத்தோடு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எழுந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். 100 கிராம் கத்தரிக்காய்க் கூட்டு மைனஸ் 3.4, ஒரு வாழைப்பழம் மைனஸ் 5.5, கணக்கு சுழியை ஒட்டி வந்துவிட்டது. கத்தரிக்காய்க்குப் பதில் பாலக் கீரையைக் கடைந்திருந்தால் பழமே இல்லாமல் மைனஸ் நான்கரை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பில் 150 கிராம் இறைச்சி 13 அலகு கூட்டும். அன்றைக்குக் கீரையோடு தக்காளி வெங்காயப் பச்சடியும் வேண்டும். கோழியை நிறுத்த வேண்டும் என்று இந்தக் கணக்கு எங்கும் சொல்லவில்லை.

இங்கேதான் '80 சதவீதம் கார உணவு, 20 சதவீதம் அமில உணவு' என்று விதி போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை. அவர்களுடைய தடைப் பட்டியலில் முதலில் அடிபடுவது பருப்பு, முட்டை, மீன். ஏற்கெனவே சோற்றுக் குவியலின் ஓரத்தில் இரண்டு கரண்டி சாம்பாரோடு வாழும் ஒருவரிடம் புரதத்தைக் குறைக்கச் சொல்வது என்ன வைத்தியம்? அமில உணவு எலும்பைக் கரைக்கும் என்பார்கள். புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மை. அதனால் எலும்பு தேய்கிறதா என்று கனடாவின் டானிஸ் ஃபென்டன் குழுவினர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, 2011இல் ஆதாரமில்லை என்று எழுதினார்கள். கார உணவும் நீரும் புற்றுநோய்க்கு நல்லது என்ற வாதத்தையும் அவரே 2016இல் அலசினார். அங்கும் காரத்துக்கு ஆதரவாகச் சான்று கிடைக்கவில்லை. கார உணவைப் புற்றுநோய் வைத்தியமாகப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

விதி வேண்டும் என்பவருக்கு ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட தட்டு போதும்: நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய்கறியும் கீரையுமாக 400, பழம் 100, கொட்டைகள் 35, பால் அல்லது தயிர் 300 மில்லி. அரிசி, பருப்பு, பால், நிலக்கடலை எல்லாம் சேர்ந்து பிளஸ் 20ஐ ஒட்டி வரும். கீரை 100 கிராமும் மற்ற காய்கள் 300 கிராமும் ஒரு பழமும் அதைத் தாண்டிக் கழித்துவிடும். யாரும் காரம், அமிலம் என்று பேசாமலேயே தட்டு காரப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது அந்த 400 கிராமில்தான்.

நெஞ்செரிச்சலுக்கு மட்டும் இந்த நான்கும் சரியான விடை அல்ல. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, தொப்பையைக் குறைப்பது ஆகியவைதான் அதற்கான வழிகள். யூரிக் அமிலக் கல் உள்ளவருக்குச் சிறுநீரைக் காரப் பக்கம் கொண்டுபோக மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் எழுதுவார். கால்சியம் பாஸ்பேட் கல் உள்ளவருக்கோ சிறுநீர் காரமானால் கல் வளரும். என்ன கல் என்று தெரியாமல் 'காரமாக்கிக்கொண்டால்' வம்பு.

சோடா உப்பும் காயும் பழமும் நேருக்கு நேர் மோதிய களம் சிறுநீரக நோய்தான். அமெரிக்காவில் கோராயா, வெஸ்ஸன் குழு நான்காம் கட்ட நோயாளிகள் 71 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்து, 2013இல் வெளியிட்டது. ஒரு பிரிவுக்குச் சோடியம் பைகார்பனேட், இன்னொன்றுக்குப் பழமும் காயும். இரு தரப்பிலும் இரத்தத்தின் பைகார்பனேட் உயர்ந்தது, சிறுநீரகச் சேதத்தின் அடையாளங்கள் குறைந்தன. ஆனால் பொட்டாசியம் எகிறும் அபாயம் குறைந்தவர்களை மட்டுமே அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். மற்றச் சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரும் வாழைப்பழமும் கீரையும் இதயத் துடிப்பையே குலைக்கலாம். அவர்கள் இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் தட்டை மாற்ற வேண்டும். அவர்களுக்குக் காயை நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்வது பொட்டாசியத்தைக் குறைக்கத்தான். அந்த நீரோடு காரமும் போய்விடும். மற்ற வீடுகளில் கீரை வெந்த நீரைத் தொட்டியில் கொட்டுவதற்குக் காரணமே இல்லை. ரசத்தில் சேர்த்துவிடலாம்.