‘சரிங்க’ என்றால் என்ன அர்த்தம்? வாட்ஸ்அப் குழுவும் கட்டிங் மேஜை நோட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை எங்கள் கட்டிங் மாஸ்டர், அதாவது துணியை அளந்து வெட்டுபவர், வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை வாரச் சம்பளத்தை வாங்கியவர், தன் கத்தரிக்கோலையும் டேப்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார் என்று வாட்ச்மேன் சொன்னார். மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனால் அது லீவு இல்லை என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும்.

பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய 70 மெஷின் பனியன் கம்பெனி எங்களுடையது. உற்பத்தி என் பொறுப்பு. எனக்கும் மாஸ்டருக்கும் வந்த சண்டைக்குக் காரணம் குழந்தைகள் டி-சர்ட் ஒன்றின் கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றித் தைக்கும் இழுபடும் பட்டை. தைத்து முடிந்த அகலம் 1.5 செ.மீ. என்றிருந்ததை பையர் (ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தார்) 2 செ.மீ. ஆக்கச் சொல்லியிருந்தார். ரிப்பை இரண்டாக மடித்துத் தைப்பதால், தையலுக்கு விடுவதையும் சேர்த்து, 4 செ.மீ.க்குப் பதில் 5 செ.மீ. வெட்ட வேண்டும். மாஸ்டர் 1,800 பீசுக்கும் 4 செ.மீ.யிலேயே வெட்டிவிட்டார். அகலமாக வெட்டியிருந்தால் ஓரத்தைக் கழித்துக்கொள்ளலாம், குறுகலாக வெட்டியதை இழுத்து வளர்க்க முடியாது. ரிப்பும் உடம்புப் பகுதித் துணியும் ஒரே லாட்டில், ஒன்றாகச் சாயம் ஏறியவை. புது ரிப்புக்கு மட்டும் தனியாகச் சாயம் போட்டால் கழுத்து ஒரு நீலம், உடம்பு ஒரு நீலமாக வந்து நிற்கும்.

டீ நேரத்தில், லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அளவு மாற்றத்தை நான் சொன்னேன் என்றேன். சொல்லவில்லை என்றார் மாஸ்டர். 26 வருடம் கத்தரி பிடித்தவரை அத்தனை பேர் முன்னால் நிறுத்திக் கேட்டது என் முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அவரைத் தேடி குன்னத்தூர் பக்கம் அவருடைய தோட்டத்து வீட்டுக்குப் போனேன். வாசல் கட்டிலில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துவிட்டு, எதுவும் பேசாமல் கைப்பேசியை எடுத்து நான் அனுப்பிய குரல் பதிவை ஓடவிட்டார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. “கழுத்து ரிப்” என்று என் குரல் வருகிறது. அதோடு கரண்ட் போய் எங்கள் ஜெனரேட்டர் உறுமுகிறது. கடைசியில் “செ.மீ. மாஸ்டர்” என்பது மட்டும் கேட்கிறது. அதற்கு அவர் அனுப்பிய பதில் “சரிங்க”. அதைப் பார்த்துவிட்டு நான் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன்.

அவர் திரும்பி வந்தார். அந்த வாரத்திலேயே, இனி இப்படி நடக்காமலிருக்க எது சரி என்ற பேச்சு கிளம்பியது. மெமோ கொடுக்கலாம் என்றார் முதலாளி. நஷ்டத்தைக் கூலியில் பிடிக்கலாம் என்றார் கணக்குப் பிள்ளை. அவை இரண்டும் நடந்து முடிந்ததற்கான தண்டனைகள் என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மிஞ்சியவை மூன்று: காலைக் கூட்டம், வாட்ஸ்அப் குழு, மேஜை மேல் ஒரு நோட்டு.

காலைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டரைக்கு ஷிப்டு தொடங்கும்போது பத்து நிமிடம் நின்றபடி பேசுவது நல்ல பழக்கம்தான், இப்போதும் செய்கிறோம். ஆனால் மத்திய ஐரோப்பாவில் காலை 9 மணி என்றால் நமக்கு மதியம் 12.30 அல்லது 1.30. பையர் மாற்றம் சொல்லும் மின்னஞ்சல் பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகிறது. மறுநாள் கூட்டம் வரை காத்திருந்தால் பாதித் துணி வெட்டாகியிருக்கும்.

வாட்ஸ்அப் குழுவின் பலங்களை விளக்கத் தேவையில்லை. வேகம், படம், செலவில்லை. சாயப்பட்டறை, எம்பிராய்டரி, ஃபியூசிங் என்று வெளியே வேலை கொடுக்கும் இடங்களோடு பேச அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. என் புகார் கம்பெனிக்கு உள்ளே அதைப் பயன்படுத்துவதைப் பற்றி. எங்கள் குழுவில் 23 பேர். ஒரு நாளில் வரும் செய்திகளில் பாதி “லோடு வந்துவிட்டதா”, மீதியில் பாதி காலை வணக்கப் படங்கள். அளவு மாற்றம் அவற்றுக்கு நடுவே எங்கோ கிடக்கும். அதோடு, குழுவில் ஒருவரிடம் “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் அது 23 பேர் முன்னிலையில் கேட்ட கேள்வி. டீ நேரத்தில் நான் செய்த அதே தவறை அங்கே தினமும் யாராவது செய்கிறார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தச் ‘சரிங்க’.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். நம் ஊரில் ‘சரிங்க’ என்பது சம்மதம் என்று நினைத்தால் ஏமாந்தோம். நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, பெரியவர்களை இடைமறிக்க மாட்டேன், மேலே சொல்லுங்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ‘பார்க்கலாங்க’ என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். முகத்தை முறிக்காமல் மறுப்பதற்கு நாம் கண்டுபிடித்த சொற்கள் இவை. எதிரே நின்றால் முகத்தை வைத்து எது எது என்று பிரித்துவிடலாம். திரையில் எல்லாச் ‘சரிங்க’வும் ஒரே மாதிரி இருக்கிறது.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்படுகிறோம் என்ற பொருளில் ஒரு விமானி சொன்னதற்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து “ஓகே” என்று பதில் வந்தது. காத்திருங்கள் என்று தொடர்ந்து சொன்னது, அதே நேரத்தில் மற்ற விமானமும் பேசியதால் எழுந்த இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. காரணங்கள் வேறு பலவும் இருந்தன. ஆனாலும் அதற்குப் பிறகு விமானத் துறை தன் பேச்சு முறையையே இறுக்கியது. முக்கியமான உத்தரவை வெறும் “ஓகே”யோடு விட முடியாது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதைப் படித்தபோது என் ஜெனரேட்டர்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் நோட்டு அந்த ‘திருப்பிச் சொல்’தான். நீள வாக்கில் கோடு போட்ட சாதாரண நோட்டு, மூலையில் துளையிட்டுச் சணலால் கட்டிங் மேஜைக் காலில் கட்டியிருக்கிறது. விதி ஒன்றுதான்: சொல்பவர் எழுதக்கூடாது, கேட்பவர்தான் எழுத வேண்டும். நான் போய் மாற்றத்தைச் சொல்வேன். மாஸ்டர் தன் கையால், தனக்குப் புரிந்தபடி எழுதுவார். நான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். முதல் பக்கத்தில் அவர் எழுதியது “நெக் 2, ரிப் 5, பழைய பேட்டர்ன் கிழித்தாச்சு”. கடைசி மூன்று சொற்களை நான் சொல்லவில்லை. வெட்ட அளவாக வைக்கும் பழைய பேட்டர்ன் அட்டை கண்ணில் பட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நானே எழுதியிருந்தால் அது வந்திருக்காது.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பராமரிப்பு. வாட்ஸ்அப் குழு தானாக ஓடும், நோட்டு ஓடாது. ஒரு மாற்றத்துக்கு மூன்று நிமிடம், நாளுக்குப் பத்து மாற்றம் என்றால் அரை மணி நேரம் போகிறது. முதல் வருடம் தீபாவளி நெருக்கடியில், எல்லோரும் ஒன்றரை ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், தொடர்ந்து 11 நாள் பக்கம் காலி. மறுபடி தொடங்கக் காரணம் ஒழுக்கம் ஒன்றும் இல்லை. எழுதாமல் சொன்னதைச் செய்ய மாட்டேன் என்று மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். நோட்டைக் காப்பாற்றுவது நிர்வாகம் என்றால் இரண்டு மாதத்தில் தூசு படியும் என்பது என் கணிப்பு. அதனால் யாருக்கு லாபமோ அவர் கையில் அது இருக்க வேண்டும். சண்டை வந்தால் நோட்டு அவரைக் காப்பாற்றும் என்று கீழே இருப்பவருக்குத் தெரிந்த நாளிலிருந்து அது நிற்காமல் ஓடுகிறது.

இப்போதும் சண்டை வருகிறது. ஆனால் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்பது போய், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று கேட்கிறோம். குரல் ஏறுவதற்குள் இரண்டு பேரும் குனிந்து பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்த அரை நிமிடமே பாதிக் கோபத்தைத் தின்றுவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரர்கள் தங்கள் எழுத்தில் எழுதினால் எனக்குப் படிக்கத் தெரியாது. அவர்களிடம் ஒரு பீஸ் தைத்து வாங்கி, பக்கத்தோடு ஸ்டேப்ளர் அடித்துவிடுகிறோம். அதனால் நோட்டு தலையணை போல உப்பிக் கிடக்கிறது. 500 மெஷின் உள்ள இடத்தில், கணினியில் ஆர்டர் ஓட்டும் கம்பெனியில் இது தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது, நான் அங்கே வேலை பார்த்ததில்லை.

இன்னொன்றையும் கலந்துவிடக் கூடாது. அளவு, தேதி, எண்ணிக்கை பற்றிய தகராறுக்குத்தான் நோட்டு. கூலி, வேலை நீக்கம் போன்ற குறைகளுக்கு, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள குறைதீர் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குறைதீர் குழு இதுவரை ஒரே ஒரு புகாரைத்தான் பார்த்திருக்கிறது, அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். பெண்களிடம் தவறாக நடந்த புகார் என்றால் மாஸ்டர், மேனேஜர் என்று யாரும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசக்கூடாது. 10 பேர் இருந்தாலே 2013 சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும், புகார் நேராக அங்கே போக வேண்டும்.

இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. போன வியாழக்கிழமை நான் அவிநாசி சாலையில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கை நீள மாற்றத்தை மாஸ்டரிடம் போனில் சொன்னேன். “சரிங்க தம்பி” என்றார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் துணி விரித்தபடியே இருக்கிறது. நோட்டில் எழுதியிருந்தார்: “மாலை 6.40. ஸ்லீவ் 1 செ.மீ. கூட்ட வேண்டும் என்று போனில் சொன்னார். கையெழுத்து வந்த பிறகு வெட்டப்படும்.” பேனாவை நடுப்பக்கத்தில் செருகி வைத்திருந்தார்.