அரை விலைக்கு வந்திருக்கும் நிபுணர் உரையாடல்கள்: பழைய சந்தாதாரர் ஒருவரின் அனுபவம்

குடிநீர், கழிவு, நகர நிர்வாகம், தேர்தல் சீர்திருத்தம் முதலிய சிக்கல்களுக்கு நடைமுறைத் தீர்வு என்ன என்று துறை நிபுணர்களிடம் கேட்டு வாரந்தோறும் வெளியிடும் கட்டண ஒலித்தொடர் (பாட்காஸ்ட்) ஒன்றின் ஆண்டுச் சந்தா அண்மையில் பாதியாகக் குறைக்கப்பட்டது. பெங்களூரு அல்சூரில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கும் நண்பர் ஒருவர், இப்போதாவது சேரலாமா என்று என்னிடம் கேட்டார். பகுதிகளின் நீளம், செயலியின் அமைப்பு, யார் யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே, முழு விலை கொடுத்து நெடுங்காலம் கேட்டுவந்த எனக்குத் தீராத எரிச்சலாக இருந்துவரும் ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்.

இத்தொடருக்கு நிபுணர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முதல் வருகையில் அவர்கள் முன்வைத்த தீர்வு பிறகு என்னவாயிற்று என்ற கேள்வி மட்டும் அடுத்த வருகையில் எழுவதேயில்லை.

2024 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கருக்காகத் தெருத்தெருவாக மக்கள் காத்திருந்த அந்த நாட்களில், குடிநீரில் காரைக் கழுவினாலும் அதைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினாலும் 5000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியம் அறிவித்தது. அப்போது வெளியான பகுதியில் பேசிய நீரியல் அறிஞர், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் மேலேற்றிக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒரு நகரம், தன் மொட்டைமாடிகளில் விழும் மழையைச் சாக்கடைக்கு அனுப்புவது எத்தனை செலவு மிக்க பழக்கம் என்பதை மிகத் தெளிவாக விளக்கினார். மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2009-இலேயே வந்துவிட்டது, 40க்கு 60 அடி சைட்டில் (மனையில்) உள்ள பழைய வீடுகளையும் 30க்கு 40 அடி சைட்டில் எழும் புதிய வீடுகளையும் அது கட்டுப்படுத்துகிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், இருப்பதை ஒழுங்காகச் செயல்படுத்தினாலே போதும் என்றார். அதைவிடத் தெளிவான ஒரு மணி நேரத்தை நான் இத்தொடரில் அதிகம் கேட்டதில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது. 2007-இல் மாநகராட்சியுடன் இணைந்த 110 கிராமங்களுக்காக, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. பின்னர் ஏரிகளைப் பற்றிப் பேச அதே அறிஞரை மறுபடியும் அழைத்தார்கள். நெறியாளர் அவரைப் புகழ்ந்து வரவேற்றார். கழிவுநீர் கலந்து பெல்லந்தூர் ஏரியில் பொங்கும் நுரையைப் பற்றிக் கேட்டார். மழைநீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழைநீர்க் குழி தோண்டுவதைவிட, அது இல்லாததற்கான அபராதத்தைத் தண்ணீர் பில்லோடு சேர்த்துக் கட்டிவிடுவதே எளிது என்று இருக்கும் வீட்டுக்காரர்களை என்ன செய்வது? மாடியிலுள்ள வடிகட்டியை ஆண்டுதோறும் சுத்தம் செய்யும் பொறுப்பு வாடகைக்கு இருப்பவருடையதா, உரிமையாளருடையதா? குழாயில் காவிரி கூடியபின் அந்த அக்கறை எங்கே போயிற்று? கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். எதையும் மறைக்கும் மனிதராக அவர் தோன்றவில்லை. முன்பு எழுதிக்கொடுத்த மருந்து கேட்டதா என்று விசாரிக்காமலேயே அடுத்த சீட்டை எழுதும் மருத்துவரிடம் போய்வருவதைப் போன்றதுதான் இத்தொடரைக் கேட்பது.

வார்டு குழுக்களைப் பற்றிய பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் அத்தகைய குழுக்கள் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவு சொல்வதை விருந்தினர் அழகாக எடுத்துரைத்தார். ஆனால் 2020 செப்டம்பரில் பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. 2025-இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. வார்டு உறுப்பினரே இல்லாத ஊரில் வார்டு குழு யாருக்கு ஆலோசனை சொல்லும் என்று எனக்குத் தோன்றிய கேள்வி, பெருங்கட்டணம் வாங்கும் ஒரு தொடரின் நெறியாளருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

நியாயமாகச் சொல்வதானால், வெளிநாட்டு முயற்சிகளை விளக்குவதில் இவர்களுக்கு ஈடில்லை. அயர்லாந்தில் 2016-இல் கூடத் தொடங்கிய குடிமக்கள் அவையைப் பற்றிய பகுதியை நான் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். குலுக்கல் போலத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 பேரும் ஒரு தலைவரும் கருக்கலைப்பு போன்ற கொதிநிலைப் பொருளில் வார இறுதிகளில் அமர்ந்து சான்றுகளைக் கேட்டு முடிவெடுத்ததையும், அதன் வழியாக 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பு வந்து 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்புத் தடையை நீக்கும் மாற்றத்தை ஆதரித்ததையும், கட்சி அரசியலால் தீர்க்க முடியாத முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதையும் படிப்படியாகச் சொன்னார்கள். அதே தொடர்தான் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்து மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தைப் பாராட்டியபோது, 1989-இல் அது தொடங்கிய கதையைச் சொல்லிவிட்டு, 2004 தேர்தலில் அதைத் தொடங்கிய தொழிலாளர் கட்சி நகர ஆட்சியை இழந்தபின் அது எவ்வாறு தேய்ந்தது என்பதை விட்டுவிட்டது. தேய்ந்த பகுதியல்லவா நமக்குப் பாடம்?

விதிவிலக்கு ஒன்று உண்டு. சாக்கடைக்குள் மனிதரை இறக்கும் கொடுமையைப் பற்றிப் பேச வந்த செயற்பாட்டாளர், நெறியாளர் கேட்காமலேயே கணக்கைத் திருப்பிப் பார்த்தார்: மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 1993 சட்டம் எதைத் தவறவிட்டது, 2013 சட்டம் அதில் எதைச் சேர்த்தது, கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சனின் இயக்கம் தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்கு உறுதிசெய்த 10 லட்ச ரூபாய் இழப்பீடு, 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்ந்தது, இத்தனைக்குப் பின்னும் மரணங்கள் ஏன் நிற்கவில்லை. தீர்வைப் பேசுவது என்றால் இப்படித்தான் பேச வேண்டும்.

எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்த பகுதி வேறொன்று. தலைப்பு சலிப்பூட்டுவது, விருந்தினரோ ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர். நகரத்தின் பல இடங்களில் தண்ணீர் வருவதும் வராததும் தெருமுனையில் சாவியோடு நிற்கும் வால்வுமேன் கையில் இருக்கிறது என்று தொடங்கிய அவர், ஹூப்ளி-தார்வாடில் தொடங்கிப் பெங்களூருக்கு வந்த நெக்ஸ்ட்டிராப் என்ற குறுஞ்செய்திச் சேவையின் கதையைச் சொன்னார். வால்வைத் திறக்கும்போது வால்வுமேன் தொலைபேசியில் தெரிவித்தால், தண்ணீர் எப்போது வரும் என்ற செய்தி வீடுகளுக்குப் போகும். மக்கள் காத்துக் கிடக்க வேண்டாம். காகிதத்தில் பிழையில்லாத தீர்வு. ஆனால் பெங்களூரில் களஆய்வு செய்தவர்கள், வால்வுமேன்கள் எல்லோரும் ஒரேபோலத் தகவல் தருவதில்லை என்பதையும், அவர்களது குடும்பச் சுமையும் பண நெருக்கடியும் அதில் பெரும்பங்கு வகிப்பதையும் கண்டறிந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தாலும், கைபேசி கணவரோடு வேலைக்குப் போய்விட, குடத்தோடு நிற்பவர் மனைவியாக இருப்பதை நம் தெருக்களில் யாரும் பார்க்கலாம். இந்த இடத்தில் நெறியாளர், ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: வால்வுமேனுக்கு இந்தக் கூடுதல் வேலையால் என்ன கிடைக்கிறது? பொறியாளர் சற்று நிறுத்தி, பிறகு மீதி நேரம் முழுவதும் அதற்கே பதில் சொன்னார்.

எங்கள் தெரு வால்வுமேன் தமிழர். அவரிடம் இதைச் சொன்னபோது, "தண்ணி வந்தா தெருவுக்கே தெரியும் சார், அதுக்கு எதுக்கு மெசேஜு? வரலைன்னாத்தான் எனக்கு போன் வரும்" என்றார். அவரைப் போன்ற ஒருவரை அத்தொடர் ஒருமுறைகூட விருந்தினராக அழைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஒரு பகுதிக்காகவே ஓராண்டுச் சந்தாவைக் கொடுக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆயினும் நண்பருக்கு நான் சொன்ன பதில், அரை விலைக்கும் வேண்டாம் என்பதே. பழைய விருந்தினரை அழைத்து, அவர் சொன்ன பழைய தீர்வை மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் பேசும் பகுதி எப்போது வெளியாகிறதோ, அப்போது நானே முழு விலையைக் கட்டிச் சேர்வேன். அவரையும் சேரச் சொல்வேன். அண்மையில் இதை மின்னஞ்சலாக எழுதினேன். என் கருத்துக்கு நன்றி தெரிவித்துத் தானியங்கிப் பதில் வந்தது. அதன் கீழே அரை விலை அறிவிப்பும் இருந்தது. வால்வுமேன் பகுதி இலவசப் பட்டியலிலேயே கிடைக்கிறது. நண்பர் அதைத் தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் போட்டுக்காட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறார்; அன்றைக்குத் தெரு வால்வுமேனையும் அழைக்குமாறு கேட்டிருக்கிறேன்.